தீக்குழியும் மெடிக்கல் போர்டும்

என் அப்பாவின் வலது முழங்கால் மடங்காது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா சுவரில் சாய்ந்து அந்தக் காலை நீட்டிவிட்டால் வீட்டில் போக்குவரத்து நின்றுவிடும். பெரியவர்கள் காலைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். சுற்றிப் போக இடம் கிடையாது. ஆகவே அவர் எழுந்திருக்கும்வரை நானும் என் தங்கைகளும் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்தக் கால் மடங்காது என்பது மில்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், பக்கத்துக் கடை பாய் வளர்த்த பூனைக்குக்கூடத் தெரியும். பட்டாளத்துப் பென்ஷன் ஆபீஸுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்களுக்கு அதைத் தெரியவைக்க எங்கள் குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லப் போனால் அது ஒரு பெரிய பாரதம். ஐம்பதுகளின் பிற்பகுதியில் நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பெண்.

அப்பா பிரிட்டிஷ் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சண்டை போட்டவர் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். முகாம்களுக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொண்டுபோவது அவர் வேலை. காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் ஒருநாள் ஜொகூர்க் காட்டு ரோட்டில் லாரி பள்ளத்தில் உருண்டது. காட்டுக்குள்ளிருந்து சுட்டதால் உருண்டதா, எதிரே வந்த எருமைக்கு ஒதுங்கியதால் உருண்டதா என்பது கதை கேட்க உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. எப்படி உருண்டிருந்தாலும், கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் மாட்டிய முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பட்டாளம் அவருக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. ஜாலான் புசாரில் ஒரு இரும்புக்கடையில் ஜாகா வேலை, அதாவது காவல்காரர் வேலை, கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். திருடன் வந்தால் தடுக்கி விழுவான் என்ற நம்பிக்கையில் முதலாளி அவரை வைத்திருந்தார்.

பட்டாளத்தில் ஊனமானவருக்குப் பென்ஷன் உண்டு என்பதைக் கண்டுபிடித்தது பாய்தான். ஆங்கிலப் பத்திரிகையை விளம்பரம் உட்பட வரிவிடாமல் படிப்பவர் அவர். ஒருநாள் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"அண்ணே, சங்கதி தெரியுமா? டாக்டருங்க குழு ஒண்ணு இருக்கு, மெடிக்கல் போர்டுன்னு பேரு. ஊனம் பாதிக்கு மேலன்னு அவங்க ஒத்துக்கிட்டா பிள்ளைங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் செலவு அவங்களோடது. உங்க பொண்ணை டீச்சராவே ஆக்கிடலாம் லா."

அதைக் கேட்டதும் என்னைவிட அதிகம் நிமிர்ந்து உட்கார்ந்தது அம்மாதான். காரணம் உண்டு. கிள்ளானில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை மகன் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. நல்ல மனிதர். தலையில் பாதி வழுக்கை, மீதி எண்ணெய். மேற்கொண்டு படிக்க வழியில்லாவிட்டால் நான் கிள்ளானுக்குப் போவது என்று பெரியவர்களுக்குள் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. என்னைப் படிக்கவைக்க அம்மா அவ்வளவு மல்லுக்கு நின்றதற்குக் கல்வியின்மேல் இருந்த ஆசை பாதி, நாத்தனாரின்மேல் இருந்த கடுப்பு பாதி. எந்தப் பாதி பெரிது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பலன் எனக்குத்தானே.

ஆக, என் படிப்பு முழுக்க அந்த மடங்காத முழங்காலை நம்பி நின்றது. அதைத் துரைமாருக்கு முன்னால் ஊனம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். கைப்புண்ணுக்குக் கண்ணாடியா என்று நினைத்தோம்.

முதல் போர்டுக்கு அழைப்பு வந்ததும் அப்பா போய் முடி வெட்டிக்கொண்டார். அம்மாவைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார். பெட்டிக்கு அடியிலிருந்த பட்டாளத்துப் பூட்ஸை எடுத்து, முகம் தெரியும்வரை தேய்த்தார். போர்டன்று காலையில் பார்த்தால் பெண் பார்க்கப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கைத்தடியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "ஆபீசர் முன்னாடி தடியோட போறதா?" என்று கேட்டு அதை ஆபீஸ் வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டார்.

உள்ளே ஒரு டாக்டரும் ஒரு மேஜரும் இருந்தார்கள். அப்பா கதவைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி, நேராக நடந்து போய் மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். மடங்காத கால் அணிவகுப்புக்கு எவ்வளவு தோதானது என்று அன்றுதான் பார்த்தேன். டாக்டர், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நோ கம்ப்ளெயின்ட், சார்," என்றார் அப்பா.

வலிக்கிறதா என்று கேட்டார்கள். நோ கம்ப்ளெயின்ட். படி ஏறுவது? நோ கம்ப்ளெயின்ட். வாசலில் தடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அதை உள்ளே வீச வேண்டும்போல் இருந்தது. பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்பவன் சோம்பேறி. ஆபீசர் கேட்டால் எல்லாம் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வருஷப் பழக்கம் ஒரே காலையில் ஒழியுமா? ஊனம் உண்டு, ஆனால் சிறியது, படிப்புச் சலுகை கிடையாது என்று முடிவு வந்தது.

"கால் போச்சுன்னு சொல்லத்தானே போனீங்க?" என்றாள் அம்மா. "ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டு வந்தா என்ன அர்த்தம்?"

"உனக்குப் பட்டாளத்து வழக்கம் தெரியாது," என்றார் அப்பா.

"ஆமா, எனக்குத் தெரியாது. உங்க அக்காவுக்குத் தெரியும். அங்கேயே அனுப்பிடுங்க பொண்ணை."

பாய் அப்பீல் எழுதினார். அம்மா மனிதர்களை நம்பாமல் நேராகச் சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். போய், போர்டு மனசு மாறி என் படிப்புக்கு வழி பிறந்தால் தீமிதி நடக்கும்போது குழியில் இறங்குவதாக வேண்டிக்கொண்டு வந்தாள். யார் இறங்குவது என்பதில்தான் சிக்கல். அந்தக் காலத்தில் ஆண்கள்தான் குழியில் இறங்குவார்கள். பெண்கள் குழியைச் சுற்றிக் கும்பிடுவார்கள். எனவே அம்மா அப்பாவின் சார்பில் வேண்டிக்கொண்டுவிட்டாள்.

"என் காலை வச்சு நீ எப்படி வேண்டிக்குவ?" என்று அப்பா கேட்டார்.

"பின்னே, என் காலுக்கா பென்ஷன் கேட்டிருக்கோம்?" என்றாள் அம்மா.

அப்பீலில் புதிய டாக்டர் ஒருவர் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எக்ஸ்ரேயால் நோ கம்ப்ளெயின்ட் என்று சொல்ல முடியாதல்லவா, உள்ளது உள்ளபடி தெரிந்தது. ஊனம் பாதிக்கு மேல் என்று எழுதினார்கள். வருஷக் கடைசியில் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வோம், அதுவரை சலுகை தற்காலிகம் என்றும் எழுதினார்கள். நான் காலேஜுக்கு முந்திய ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். தரையில் கால் பாவாமல் பள்ளிக்கூடம் போய்வந்தேன் என்று அம்மா சொல்வாள். பொய்யில்லை. லைப்ரரி என்று ஒரு தனி அறையை நான் பார்த்ததே அங்கேதான்.

தீமிதி நடக்கும் ஐப்பசி வந்தது. பாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, போர்டு உறுதி பண்ணட்டும். அப்புறம் அடுத்த வருஷம் மிதிக்கலாமே."

"கொடுத்தவகிட்ட நீ உறுதி பண்ணு, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லச் சொல்றீங்களா, பாய்? நீங்க சரக்கு கொடுத்துட்டு அப்படிக் காத்திருப்பீங்களா?"

பாய் கடைக்கு இறங்கிப் போனார்.

அப்பா ஒன்றைத் தலைமேல் போட்டுக்கொண்டால் அரைகுறையாகச் செய்ய மாட்டார். காப்புக் கட்டிக்கொண்டார். மீனும் கறியும் விட்டார், சுருட்டை விட்டார், பாயில் படுப்பதை விட்டு வெறும் பலகையில் படுத்தார். முதலாளியிடம் சொல்லி, கடை வாசலில் உட்காருவதற்குப் பதிலாக நின்றே காவல் காத்தார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிள்ளானிலிருந்து அத்தை, தீமிதி பார்க்க என்று சொல்லி ரயிலேறி வந்து சேர்ந்தாள். வந்த காரியம் தீமிதி மட்டுமல்ல என்பது அவள் கொண்டுவந்த புடவையிலேயே தெரிந்தது. அதைப் பெட்டிக்கு மேலே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

தீமிதியன்று சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து மஞ்சள் வேட்டி கட்டி, கையில் வேப்பிலை பிடித்து, அப்பா கூட்டத்தோடு நடந்தார். நான் தடியோடு பக்கத்தில் நடந்தேன். வழியெல்லாம் வழக்கம்போல் நொண்டித்தான் நடந்தார். சைனாடவுன் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வரிசையில் நகர்ந்துவிட்டார்.

குழியில் கங்கு சிவந்து கிடந்தது. மாலை வெயிலில் அதற்குமேல் காற்று நெளிந்தது. ஒவ்வொருவராக ஓடிக் கடந்தார்கள். "கோவிந்தா, கோவிந்தா" என்று கூட்டம் கத்தியது. அப்பாவின் முறை வந்தது. அவர் ஓடவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, மேஜருக்கு முன்னால் நடந்தாரே, அதே நடையில் நேராக நடந்தார். கங்கு சிதறியது. அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் இறங்கி நின்று கைகூப்பினார். எனக்குக் கண்ணீர் வந்தது. அம்மா பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள்.

தீமிதியில் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தவன் காலில் கொப்புளம் வராது. வந்தால் எங்கோ குறை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதனால் மறுநாள் அக்கம்பக்கத்தார் பாதம் பார்க்க வந்தார்கள். அப்பா சுவரில் சாய்ந்து இடது காலைத் தூக்கிக் காட்டினார். பூப்போல இருந்தது. "அந்தக் கால்தான் தூக்க முடியாதே" என்று வலதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அது நியாயமாகவே இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தரைப் பலகையில் சிலாம்பு குத்துகிறது என்றார். அத்தனை வருஷம் குத்தாத சிலாம்பு.

அந்த மறுநாள் காலையிலேயே ஆங்கிலப் பத்திரிகையில் அப்பாவின் படம் வந்தது. வேப்பிலையும் மாலையுமாக, தீக்குழி நடுவில், நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் படம். பாய் அதைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வந்தவர்களிடமெல்லாம் "நம்ம அண்ணன்தான்" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை தாங்காதபோது அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

"அந்த ஆபீஸ்ல இருக்கிறவங்க முன்னப்பின்ன தெரியாதவங்க. நமக்கு நல்லது பண்ணினாங்க. பிரசாதம் கொடுக்காம இருக்கலாமா? படத்தையும் கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க. அவங்க செஞ்ச நல்லதுக்கு அம்மனுக்குச் செய்ய வேண்டியதை நாம செஞ்சுட்டோம்னு அவங்களுக்கும் தெரியணும்."

இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் பதற்றமாகவும் இருக்கிறது. வீட்டில் இருந்தவர்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. ஆறாம் படிவம் படிக்கிற எனக்கும் படவில்லை. சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் கட்டி, விபூதி குங்குமம் வைத்து, பத்திரிகையை மேலே சுற்றி எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் பஸ் ஏறினோம்.

ஆபீஸில் தலைமைக் கிராணி ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். நெற்றி நிறைய விபூதி. பிரசாதத்தை எழுந்து நின்று வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பத்திரிகையை விரித்தார்.

"இது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றார் அப்பா வெட்கத்தோடு.

"நீரோ? உந்தக் காலோட?"

"அம்மன் அருளுங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் பத்திரிகையைக் கொண்டுவந்தது தப்பு என்று எனக்குப் புரிந்தது.

"அருள் சரி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார். "ஆனா இதைத் துரைக்குக் காட்டாமல் விட எனக்கு ஏலாது. நான் உப்புத் திண்டது இஞ்ச."

பொங்கலை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார். விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டார். எங்கள் ஃபைலைத் திறந்து படத்தை அதில் ஊசியால் குத்தினார்.

வருஷக்கணக்கில் பதில் போடாத ஆபீஸ் அது. இந்த முறை தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது. போர்டு முன் ஆஜராகி, நெருப்பில் நடந்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் சலுகை ரத்து. அத்தை அதைக் கேட்டுவிட்டு "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். பெட்டிமேல் இருந்த புடவையை எடுத்து உதறி, மறுபடி மடித்து அங்கேயே வைத்தாள். எனக்கு அவளைக் கிள்ளானுக்குப் பார்சல் கட்டி அனுப்ப வேண்டும்போல் இருந்தது.

தெருவே ஆலோசனை சொன்னது. மில்காரர் இரண்டு தடியோடு போகச் சொன்னார். பாய் மாடிக்கு வந்து, அறையின் குறுக்கே தானே நொண்டிக் காட்டினார்.

"இப்படி, அண்ணே. நடுநடுவுல சுவரைப் பிடிச்சுக்கணும். ஒரு பெருமூச்சு விடணும்."

"நொண்டிக்கு எதுக்குப் பாய் நொண்டக் கத்துக்கொடுக்கிறீங்க?" என்றார் அப்பா. "நான் நடிக்க மாட்டேன். கேட்டதுக்குப் பதில் சொல்வேன்."

நீங்கள் பதில் சொன்ன அழகைத்தான் முதல் போர்டிலேயே பார்த்தோமே என்று அம்மா முணுமுணுத்தாள். போர்டன்று காலையில் அவரோடு உள்ளேயே போகும்படி என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

அதே மேசை, அதே மேஜர், எக்ஸ்ரே எடுத்த டாக்டர். மொழிபெயர்க்கத் தலைமைக் கிராணி பக்கத்தில் நின்றார். மேஜர் படத்தை மேசையில் தட்டிவைத்து, இது நீதானா என்று கேட்டார். யெஸ் சார் என்றார் அப்பா. தடி எங்கே என்று கேட்டார். மகளிடம் இருந்தது சார் என்றார்.

"ஆபீஸுக்கு வரும்போது நொண்டுகிறாய். படத்தில் நொண்டவில்லையே, ஏன்?"

அப்பாவின் பட்டாளத்து ஆங்கிலம் இதற்குமேல் போகாது. கிராணியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"கீழே நெருப்பு இருந்தா யாரு சார் நொண்டுவா?"

கிராணி அதைத் துளிகூடச் சிரிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் கைக்குட்டையை எடுத்து இருமினார். மேஜருக்கு அது பிடிக்கவில்லை. நெருப்பில் நடக்க முடிந்தவனுக்கு ஊனப் பென்ஷன் எதற்கு, அவன் பெண்ணுக்குச் சலுகை எதற்கு என்று கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்த்தார். லைப்ரரி அறையும் கிள்ளான் வழுக்கைக் கிராணியும் என் கண் முன்னால் மாறி மாறி வந்தார்கள்.

டாக்டருக்கு வேறு ஆர்வம். நெருப்பில் நடந்த பாதத்தை அவர் பார்த்ததில்லையாம். ஷூவைக் கழற்றச் சொன்னார். அப்பா இடது ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டினார். டாக்டர் வியந்துபோய்த் தடவிப் பார்த்தார். பிறகு, அந்தக் கால் என்றார்.

"நோ கம்ப்ளெயின்ட், சார்," என்றார் அப்பா.

டாக்டர் மறுபடி சொன்னார். அப்பா அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வெளியே போ" என்றார். நான் போகவில்லை. கடைசியில் மேஜர், இது உத்தரவு என்று உரக்கச் சொன்னார். உத்தரவு என்ற சொல்லுக்கு அப்பா கட்டுப்பட்டே தீருவார். ஆனால் அந்தக் காலைக் குனிந்து எட்ட அவரால் முடியாது. வீட்டில் குடைக்கம்பி ஒன்றை வளைத்து வைத்துச் சமாளிப்பார். ஆகவே நான் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன், சாக்ஸை உருவினேன்.

பாதத்தின் வெளிப்பக்கம் குதிகாலிலிருந்து சுண்டுவிரல்வரை வெந்திருந்தது. பாதி காய்ந்து கறுத்திருந்தது, பாதி இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மன்மேல் கோபம், வேண்டிக்கொண்ட அம்மாமேல் கோபம், இந்தக் காலோடு ஜாலான் புசாருக்கு நடந்து போய்வந்த மனிதர்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

அப்பா துரைமாரைப் பார்க்கவே இல்லை. கிராணியிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஐயா, விரதத்துல ஒரு குறையும் வைக்கல. சத்தியம். காலைத் தூக்கி வைக்க முடியல, இழுத்துக்கிட்டேதான் போனேன். அதனாலதான் சுட்டுருச்சு. வேற மாதிரி நினைச்சுடாதீங்க."

"எனக்கு விளங்குது. நீர் பேசாம இரும்," என்றார் கிராணி. துரைமார் பக்கம் திரும்பி, காலைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

டாக்டர் அப்பாவின் குதிகாலைக் கையில் தாங்கி உயர்த்தச் சொன்னார். உயரவில்லை. டாக்டர் எழுந்து மேஜரிடம் பேசினார். நல்ல கால் நெருப்பைத் தொட்டுவிட்டு எழும்பியிருக்கிறது, அதனால் சுடவில்லை. கெட்ட கால் குழி நெடுக அரைபட்டிருக்கிறது. இந்தக் கால் எவ்வளவு ஊனம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிடப் பெரிய பரிசோதனை தெரியாது என்றார். மேஜர் படத்தையும் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். சலுகை உறுதியானது. இனிமேல் நெருப்பில் நடக்கக் கூடாது என்று டாக்டர் கீழே ஒரு வரி சேர்த்தார். கிராணி அதை வாசித்தபோது அப்பா விறைப்பாக, ஒரு காலில் ஷூ இல்லாமல், சல்யூட் வைத்தார்.

பஸ் ஏறி உட்கார்ந்தோம். அவரே ஆரம்பித்தார்.

"அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

"அம்மாவுக்கு?"

"அவளுக்குத் தெரியவே கூடாது. தான் வேண்டிக்கிட்டதாலதான் இப்படின்னு உடைஞ்சு போயிடுவா."

"வலிக்கலையாப்பா?"

"நடுவுல திரும்பிடலாமான்னு இருந்துச்சு. பின்னால ஆள் வந்துட்டிருந்தான் லா."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போதுதான் அழுதேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அம்மா சேதியைக் கேட்டதும் தேங்காய் உடைத்தாள். தெரு முழுவதும் கேட்கும்படி, அம்மன் பிடித்துக்கொண்டு நடத்தினாள், ஒரு கொப்புளம் இல்லை, அதைப் பார்த்துத்தான் துரைமார் கையெழுத்துப் போட்டார்கள் என்றாள். சாப்பாடு ஆன பிறகு அத்தை அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, கோவிச்சுக்காதே. ஒரு காலைத்தான் எல்லாரும் பார்த்தோம். அந்தக் காலையும் காட்டு. விரதத்துல குறை இருந்தா அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவா. பொண்ணு படிப்பு நடுவுல நின்னு போனா அப்புறம் எவன் கட்டுவான்?"

அவள் கை சாக்ஸை நோக்கிப் போனது. அப்பா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அது வரவில்லை. அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், இரண்டே எட்டில் வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அது பட்டாளத்துக் கால், அண்ணி. அதைப் பார்க்கணும்னா மெடிக்கல் போர்டு உத்தரவு வேணும். பார்க்க வேண்டியவங்க பார்த்துட்டாங்க. உங்களுக்கு நாளைக்குக் காலையில ரயில் இருக்கு."

அத்தை எழுந்து போய்ப் புடவையைப் பெட்டிக்குள் வைத்தாள். அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. கொடியிலிருந்து எடுத்து வந்த அவருடைய சாக்ஸை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். தீமிதி ஆன நாளிலிருந்து அதை யார் துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கும் அப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது.